சர்க்கரையைத் துறந்த பெண்கள்

காப்பிக்கு எத்தனை கரண்டி சர்க்கரை போடுவது என்பது வீட்டு விஷயம். சர்க்கார் என்ன சட்டம் போடுவது என்பது நாட்டு விஷயம். முன்னது சமையலறையில் தீர்மானமாகிறது. பின்னது சட்டசபையில் தீர்மானமாகிறது. இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே பாதை ஏதாவது உண்டா?

உண்டு என்று சுமார் 230 வருஷங்களுக்கு முன்பு இங்கிலாந்து தேசத்துப் பெண்கள் காட்டினார்கள். அவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. பார்லிமெண்டில் உட்கார உரிமை கிடையாது. கல்யாணமான பெண்ணாயிருந்தால் தன் பெயரில் சொத்து வைத்துக்கொள்ளவும் முடியாது. அப்படிப்பட்டவர்கள், சர்க்காரை ஆட்டி வைத்த பணக்கார வியாபாரிகளுக்கு எதிராக ஒரு பெரிய போராட்டத்தில் கலந்துகொண்டு, கடைசியில் ஜெயித்தும் காட்டினார்கள்.

அரசாங்கத்தை ஒரு வழிக்குக் கொண்டுவர இரண்டு விதமான கூட்டத்தார் எப்போதும் முயன்றுகொண்டே இருப்பார்கள். ஒரு கூட்டத்தார் கதவுக்கு உள்ளே இருப்பவர்கள். மந்திரியோடு விருந்து சாப்பிடுவார்கள். மசோதா அச்சாகும் முன்பே அதில் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். மற்றொரு கூட்டத்தார் வாசலில் நிற்பவர்கள். உள்ளே இருப்பவர் காதில் ஒரு வார்த்தை போட்டாலே போதும், காரியம் முடிந்துவிடும். வாசலில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும்? அதைத் தெரிந்துகொள்ள அடிமை வியாபாரத்தை ஒழித்த கதையைப் போல நல்ல பாடம் வேறு இல்லை.

அச்சாபீஸில் கூடிய பன்னிரண்டு பேர்

1787-ஆம் வருஷம் மே மாதம் 22-ஆம் தேதி. லண்டனில் ஜார்ஜ் யார்டு என்ற சந்தில் ஒரு புத்தகக் கடை. அதை ஒட்டி அச்சாபீஸ். அங்கே பன்னிரண்டு பேர் கூடி ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். அடிமை வியாபாரத்தை ஒழிப்பது ஒன்றே அதன் நோக்கம்.

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒன்பது பேர் 'குவேக்கர்' என்னும் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். குவேக்கர்கள் எதற்காகவும் சத்தியப் பிரமாணம் செய்யமாட்டார்கள்; அது அவர்கள் மதக் கொள்கை. பிரமாணம் செய்யாதவர் அந்தக் காலத்தில் பார்லிமெண்டு அங்கத்தினராக முடியாது. ஆகவே அந்த ஒன்பது பேருக்கும் பார்லிமெண்டுக் கதவு அடைத்த கதவுதான்.

அவர்கள் எதிர்த்து நின்ற வியாபாரம் எவ்வளவு பெரியது தெரியுமா? லிவர்பூல், பிரிஸ்டல், லண்டன் துறைமுகங்களிலிருந்து கப்பல்கள் ஆப்பிரிக்காவுக்குப் போகும். அங்கே ஆண், பெண், குழந்தை என்று பாராமல் மனிதர்களை விலைக்கு வாங்கி, விலங்கு மாட்டி, கடல் கடந்து மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கொண்டுபோய் விற்கும். அங்கே அவர்கள் உழைப்பில் விளைந்த கரும்பு சர்க்கரையாகி இங்கிலாந்துக்கு வரும். கப்பல் கட்டுகிறவன், கயிறு திரிக்கிறவன், இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிக்காரன், வட்டிக்கு விடுகிறவன் எல்லாருக்கும் இதில் பங்கு உண்டு.

தோட்ட முதலாளிகளும் வியாபாரிகளும் தங்களுக்கென்று பலமான சங்கம் வைத்திருந்தார்கள். அவர்களில் பலர் பார்லிமெண்டிலேயே அங்கத்தினர்கள். மந்திரிகளைப் பார்க்க அவர்கள் வாசலில் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

பன்னிரண்டு பேரும் முதலில் ஒரு யுக்தி செய்தார்கள். 'அடிமைகளை உடனே விடுவிக்க வேண்டும்' என்று கேட்டால், 'எங்கள் சொத்தைப் பறிக்கிறார்கள்!' என்று முதலாளிகள் கூச்சல் போடுவார்கள். கப்பல் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தவோ பார்லிமெண்டுக்குத் தாராளமாக அதிகாரம் இருக்கிறது. ஆகையால் 'ஆப்பிரிக்காவிலிருந்து புதிதாக யாரையும் பிடித்துக்கொண்டு வரக்கூடாது' என்பதை மட்டும் முதலில் கேட்போம் என்று முடிவு செய்தார்கள். இதில் கிரான்வில் ஷார்ப் என்ற பெரியவருக்குச் சம்மதமில்லை. அடிமைத்தனத்தையே ஒழிக்கக் கேட்க வேண்டும் என்று அவர் வாதாடினார். அவர் சொன்னது சரியா, மற்றவர்கள் சொன்னது சரியா என்ற கேள்வி பின்னால் ஒரு பெண்மணியின் வாயிலாக மறுபடியும் எழப் போகிறது.

குதிரையேறிப் போன வாலிபர்

சங்கத்தின் கண்ணும் காதுமாக இருந்தவர் தாமஸ் கிளார்க்ஸன் என்ற 27 வயது வாலிபர். 1785-இல் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் ஒரு கட்டுரைப் போட்டி நடந்தது. 'ஒருவருடைய சம்மதமின்றி அவரை அடிமையாக்குவது நியாயமா?' என்பது தலைப்பு. கிளார்க்ஸன் லத்தீன் பாஷையில் எழுதிப் பரிசும் வாங்கினார். பரிசு வாங்கிய மாணவர்கள் பொதுவாக அதோடு விஷயத்தை மறந்துவிடுவார்கள். இவரால் முடியவில்லை. லண்டனுக்குக் குதிரையில் போய்க்கொண்டிருந்தபோது வழியில் இறங்கி, சாலையோரத்தில் உட்கார்ந்துவிட்டார். 'நான் எழுதியதெல்லாம் உண்மையானால் இந்த அக்கிரமத்துக்கு யாராவது முடிவு கட்டியாக வேண்டுமே!' என்ற நினைப்பு அவரை விடவில்லை. அந்த 'யாராவது' தாமேதான் என்று பின்னால் தீர்மானித்துக்கொண்டார்.

துறைமுகம் துறைமுகமாகப் போனார். அடிமைக் கப்பலில் வேலை பார்த்த மாலுமிகளைத் தேடிப் பிடித்தார். பலர் பேசப் பயந்தார்கள். லிவர்பூலில் சில முரடர்கள் அவரைக் கடல் பாலத்தின் ஓரத்துக்கு நெருக்கித் தண்ணீரில் தள்ளப் பார்த்தார்கள், திமிறிக்கொண்டு தப்பினார். அதே ஊரில் ஒரு கடையில் கைவிலங்கு, கால்விலங்கு, கட்டைவிரலை நசுக்கும் கருவி எல்லாம் வெளிப்படையாக விற்பனைக்கு வைத்திருந்தார்கள். சாப்பிட மறுக்கும் அடிமையின் வாயைப் பலவந்தமாகத் திறக்கும் கருவி ஒன்றும் இருந்தது. அவற்றை விலை கொடுத்து வாங்கிக்கொண்டார். ஆயிரம் வார்த்தை பேசுவதைக் காட்டிலும் அந்த ஒரு கருவியை மேஜை மேல் வைப்பது அதிகப் பலன் தரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

வியாபாரிகளின் பெரிய வாதம் என்ன? 'இந்த வியாபாரம் எங்கள் கடற்படைக்குப் பயிற்சிப் பள்ளிக்கூடம். இதை நிறுத்தினால் நல்ல மாலுமிகள் எங்கிருந்து கிடைப்பார்கள்?' என்பதுதான். கிளார்க்ஸன் கப்பல்களின் ஆஜர்ப் பட்டியல்களைத் தோண்டி எடுத்தார். சுமார் 20,000 மாலுமிகள் என்ன ஆனார்கள் என்று பார்த்துக் கணக்கெடுத்தார். மற்றக் கப்பல்களைவிட அடிமைக் கப்பல்களில்தான் மாலுமிகள் அதிகமாக மாண்டு போனார்கள் என்பது வெளிப்பட்டது. வியாபாரிகள் 'பள்ளிக்கூடம்' என்று சொன்னது மயானம் என்று ஆயிற்று! எதிரியின் கணக்குப் புத்தகத்தைக் கொண்டே எதிரியை மடக்கிவிட்டார்.

ஒரு படமும் ஒரு பதக்கமும்

புள்ளிவிவரம் மந்திரிகளுக்குப் போதும். ஜனங்களுக்கு? அதற்காக ஒரு படம் பிறந்தது. 'புரூக்ஸ்' என்பது லிவர்பூலைச் சேர்ந்த அடிமைக் கப்பல். அதன் தளங்களில் மனிதர்களை எப்படிப் படுக்க வைப்பார்கள் என்று அளவெடுத்து ஒரு வரைபடம் தயாரித்தார்கள். 1789-இல் லண்டன் சங்கம் வெளியிட்ட படத்தில், அலமாரியில் புத்தகங்களை அடுக்கினாற்போல 482 உருவங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்தன. புரண்டு படுக்க இடமில்லை. இந்தக் கப்பலில் 454 பேரை ஏற்றலாம் என்று அப்போதைய சட்டம் அனுமதித்தது. அதற்கு முன்பு ஒரு தடவை 609 பேரையே ஏற்றிச் சென்றிருக்கிறார்கள்! அந்தப் படத்தைக் கடைகளிலும் வீடுகளிலும் சுவரில் மாட்டினார்கள். எழுத்தறியாதவர்களும் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டார்கள்.

ஜோசையா வெட்ஜ்வுட் என்பவர் பீங்கான் சாமான் செய்வதில் பெயர் பெற்றவர். அவருடைய தொழிற்சாலையில் ஒரு சிறு பதக்கம் செய்தார்கள். விலங்கிட்ட ஓர் ஆப்பிரிக்கர் மண்டியிட்டுக் கைகூப்புகிறார். 'நான் மனிதன் அல்லவா? சகோதரன் அல்லவா?' என்ற கேள்வி சுற்றிலும் பொறித்திருக்கிறது. பெண்கள் அதைக் கைவளையில் பதித்துக்கொண்டார்கள்; கூந்தலில் ஊசியாகக் குத்திக்கொண்டார்கள். நாகரிகம் என்பது வெறும் ஆடம்பரத்துக்குத்தான் என்று யார் சொன்னது? அன்றைக்கு அது ஒரு நல்ல காரியத்துக்கும் பயன்பட்டது.

அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒலாடா எக்வியானோ என்பவர் தம்முடைய சரித்திரத்தை 1789-இல் புத்தகமாக வெளியிட்டு, ஊர் ஊராகப் போய் அதை விற்றார். பிறர் பரிந்து பேசுவதற்கும், அனுபவித்தவரே முன்னால் நின்று பேசுவதற்கும் எவ்வளவு வித்தியாசம்!

சர்க்கரைக் கிண்ணம் காலியாயிற்று

பார்லிமெண்டுக்கு உள்ளே இவர்களுக்காகப் பேச ஒருவர் வேண்டுமே! வில்லியம் வில்பர்போர்ஸ் என்ற அங்கத்தினர் கிடைத்தார். பிரதம மந்திரி பிட் அவருடைய சிநேகிதர். 1791 ஏப்ரலில் வில்பர்போர்ஸின் கோரிக்கை ஓட்டுக்கு வந்தது. ஆதரவாக 88, எதிராக 163. படுதோல்வி!

இங்கேதான் பெண்கள் வருகிறார்கள். பார்லிமெண்டு கைவிட்டுவிட்டது, நம் கையில் என்ன இருக்கிறது என்று ஜனங்கள் யோசித்தார்கள். அந்த வருஷம் வில்லியம் பாக்ஸ் என்பவர் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். அதில் அவர் போட்ட கணக்கு இல்லத்தரசிகளுக்கென்றே போட்டது போல் இருந்தது. வாரத்துக்கு 5 ராத்தல் சர்க்கரை செலவாகும் ஒரு குடும்பம், 21 மாதம் சர்க்கரையையும் அதற்கேற்ற அளவு ரம் சாராயத்தையும் நிறுத்தி வைத்தால், ஒரு மனித உயிர் அடிமைத்தனத்திலிருந்தோ சாவிலிருந்தோ தப்பும் என்பது அவர் கணக்கு.

கணக்கு துல்லியமானதா என்பது வேறு விஷயம். ஆனால் அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். தேநீர் மேஜைக்கு யார் எஜமானி? வீட்டுக்குச் சாமான் வாங்குவது யார்? ஓட்டுப் பெட்டி ஆண்களுடையது. சர்க்கரைக் கிண்ணமோ பெண்களுடையது. லட்சக்கணக்கானவர்கள் சர்க்கரையை விட்டார்கள். தாம் போன ஊர்களில் விசாரித்துப் பார்த்த கிளார்க்ஸன், 3 லட்சம் பேருக்குக் குறையாமல் இருக்கும் என்று மதிப்பிட்டார். 1792-இல் கில்ரே என்ற கேலிச் சித்திரக்காரர், மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் ராணி தன் பெண்களைச் சர்க்கரையில்லாத தேநீர் குடிக்கச் சொல்வது போலவும், ராஜகுமாரிகள் முகத்தைச் சுளிப்பது போலவும் படம் போட்டார். கேலி செய்கிறார்கள் என்றால் விஷயம் எல்லார் வாயிலும் அடிபடுகிறது என்றுதானே அர்த்தம்?

இந்தப் பகிஷ்காரத்தால் தோட்ட முதலாளிகள் திவாலாகிவிடவில்லை. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். அதன் பலன் வேறு விதமானது. மனுவில் கையெழுத்துப் போட்டவன் மறுநாள் அதை மறந்துவிடலாம். சர்க்கரையில்லாத தேநீர் குடிப்பவளோ தினம் இரண்டு வேளை அந்த விஷயத்தை நினைத்தாக வேண்டும். வந்த விருந்தாளி, 'ஏன் சர்க்கரை இல்லை?' என்று கேட்பார்; பதில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டுக் கூடமும் ஒரு பிரசங்க மேடையாயிற்று.

'படிப்படியாக' என்ற சொல்

1792-இல் பார்லிமெண்டுக்கு 519 மகஜர்கள் வந்து குவிந்தன. சுமார் 3,90,000 கையெழுத்துகள்! அதுவரை பார்லிமெண்டு அப்படி ஒன்றைக் கண்டதில்லை. எதிர்த்து நிற்க முடியாது என்று கண்ட மந்திரி ஹென்றி டண்டாஸ் சாமர்த்தியமாக ஒரு காரியம் செய்தார். 'ஒழிக்க வேண்டியதுதான். ஆனால் படிப்படியாக ஒழிப்போம்' என்று ஒரு சொல்லைச் சேர்த்துத் திருத்தம் கொண்டுவந்தார். 230 பேர் ஆதரித்தார்கள். 85 பேர் எதிர்த்தார்கள். திருத்திய தீர்மானம் நிறைவேறியது. கேட்டவர்களுக்குக் கொடுத்தாற்போலவும் ஆயிற்று, கொடுக்காமலும் ஆயிற்று!

அதற்குப் பிறகு பிரான்ஸோடு யுத்தம் வந்துவிட்டது. கூட்டம் போட்டாலே ராஜத்துரோகம் என்ற நிலைமை. 1796-இல் வில்பர்போர்ஸின் மசோதா 74-க்கு 70 என்று நாலே ஓட்டில் தோற்றது. ஆதரவாளர்களில் சிலர் அன்று சங்கீத நாடகம் பார்க்கப் போய்விட்டார்கள்! கிளார்க்ஸன் அதற்குள் உடம்பு ஓய்ந்து ஊரோடு போய்விட்டார். சங்கம் பல வருஷம் கூடவேயில்லை.

மறுபடி தலையெடுத்தபோது நேர்வாசலை விட்டுப் பக்கத்து வாசல் வழியாக நுழைந்தார்கள். ஜேம்ஸ் ஸ்டீபன் என்ற வக்கீல் கடல் வர்த்தகச் சட்டத்தில் நிபுணர். 'எதிரி நாட்டுக் காலனிகளுக்கும் அயல் நாட்டுக் காலனிகளுக்கும் பிரிட்டிஷ் கப்பல்கள் அடிமைகளைக் கொண்டுபோகக்கூடாது' என்று 1806-இல் ஒரு சட்டம் வந்தது. பார்வைக்கு அது யுத்தகால ஏற்பாடு. உள்ளே பார்த்தால் அடிமை வியாபாரத்தின் பெரும்பகுதி அதில் அடிபட்டுப் போயிற்று. அடுத்த வருஷம் 283-க்கு 16 என்ற ஓட்டில் முழுத் தடையும் நிறைவேறியது. 1807 மார்ச் 25-ஆம் தேதி அது சட்டமாயிற்று. பன்னிரண்டு பேர் கூடிய நாளிலிருந்து இருபது வருஷம் கழிந்திருந்தது.

எலிசபெத் ஹெய்ரிக் கேட்ட கேள்வி

வியாபாரம் நின்றது. ஆனால் தோட்டங்களில் ஏற்கெனவே இருந்த அடிமைகள் அடிமைகளாகவே இருந்தார்கள். அவர்களுக்குப் பிறந்த குழந்தையும் அடிமைதான். 1823-இல் புதிய சங்கம் ஒன்று ஏற்பட்டது. அதன் பெயரிலேயே 'அடிமைத்தனத்தின் கொடுமையைக் குறைக்கவும் படிப்படியாக ஒழிக்கவும்' என்று இருந்தது. பாருங்கள், டண்டாஸ் நட்ட சொல் இப்போது நல்லவர்கள் தோட்டத்திலேயே முளைத்துவிட்டது!

லெஸ்டர் நகரில் எலிசபெத் ஹெய்ரிக் என்ற பெண்மணி இருந்தார். கணவனை இழந்தவர், வயது ஐம்பதைத் தாண்டியவர். 1824-இல் தம் பெயரைப் போடாமலே ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். 'படிப்படியாக அல்ல, உடனே' என்பதுதான் அதன் சாரம். திருடன் திருட்டைப் படிப்படியாக விடட்டும் என்று யாராவது சொல்வார்களா என்கிற மாதிரி அவர் வாதம். பெரிய மனிதர்கள் மந்திரிகளோடு பேசிப் பேசி, எது நியாயம் என்பதை மறந்து, எது கிடைக்கும் என்பதையே பேச ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவருக்குப் பட்டது. தோழி சுசன்னா வாட்ஸுடன் லெஸ்டரில் வீடு வீடாகப் போய், மேற்கிந்தியச் சர்க்கரையை வாங்காதீர்கள் என்று பிரசாரம் செய்தார்.

1825-இல் பர்மிங்ஹாம் நகர மாதர்கள் ஒரு சங்கம் வைத்தார்கள். லூஸி டவுன்செண்ட் என்ற அம்மாள் அதை முன்னின்று ஆரம்பித்தவர்களில் ஒருவர். அவர்கள் கூடி உட்கார்ந்து தையல் பைகள் தைத்தார்கள். அடிமைகள் பயிரிட்ட பருத்தியைத் தொடுவதில்லை என்று விரதம். பைக்குள் துண்டுப் பிரசுரங்களை வைத்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். சில வருஷத்துக்குள் நாடெங்கும் எழுபதுக்கு மேற்பட்ட மாதர் சங்கங்கள் கிளம்பிவிட்டன.

இது வில்பர்போர்ஸுக்கே பிடிக்கவில்லை. பெண்கள் கூட்டம் போடுவதும், வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குவதும் பெண்மைக்கு ஏற்றதல்ல என்று அவர் கடிதம் எழுதினார். அடிமைகளுக்காக ஆயுசெல்லாம் பாடுபட்ட மனிதர். தம் பக்கத்தில் நின்ற பெண்களின் விலங்கு மட்டும் அவர் கண்ணில் படவில்லை!

பெண்கள் பதில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கவில்லை. 1830-இல் பர்மிங்ஹாம் சங்கத்தார் ஒரு தீர்மானம் போட்டார்கள். லண்டன் தலைமைச் சங்கத்துக்கு வருஷா வருஷம் 50 பவுன் நன்கொடை அனுப்புவது வழக்கம். 'உங்கள் பெயரிலிருந்து "படிப்படியாக" என்ற சொல்லை எடுக்கும் வரையில் பணம் வராது' என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருஷம் மே மாதம் கூடிய மாநாட்டில் அந்தச் சொல் எடுக்கப்பட்டது. 38 வருஷத்துக்கு முன்பு ஒரு மந்திரி சேர்த்த சொல்லை, ஓட்டில்லாத பெண்கள் சுருக்குப் பையை இறுக்கிக் கட்டி நீக்க வைத்தார்கள்.

நால்வர் தூக்கிய மகஜர்

1831-இல் மேரி பிரின்ஸ் என்ற பெண் தம் கதையைச் சொல்ல, அது புத்தகமாக வந்தது. பெர்முடாவில் அடிமையாகப் பிறந்து, கைமாறிக் கைமாறி விற்கப்பட்டு, லண்டன் வந்து சேர்ந்தவர் அவர். ஆப்பிரிக்க வம்சத்துப் பெண் ஒருத்தி தன் அடிமை வாழ்க்கையைச் சொல்லிப் பிரிட்டனில் வெளியான முதல் புத்தகம் அதுதான். அதே வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஜமைக்கா தீவு அடிமைகள் சாமுவேல் ஷார்ப் என்பவர் தலைமையில் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது, ஷார்ப் 1832-இல் தூக்கிலிடப்பட்டார். 'இனிமேல் இதை இழுத்துக்கொண்டிருந்தால் ஆபத்து' என்று லண்டனுக்குப் புரியவைத்தது மனு மட்டுமல்ல, அந்தத் தீயும்தான்.

1832-இல் தேர்தல். கிளர்ச்சிக்காரர்கள் புதிதாக ஒரு வேலை செய்தார்கள். ஒவ்வொரு வேட்பாளரிடமும் போய், 'உடனே ஒழிக்க ஓட்டுப் போடுவீர்களா, மாட்டீர்களா?' என்று கேட்டார்கள். சொன்ன பதிலைப் பெயர் வாரியாக அச்சிட்டு வெளியிட்டார்கள். அந்தரங்கமாக ஒன்று, பகிரங்கமாக ஒன்று என்று பேச இடமில்லாமல் போயிற்று. அந்தத் தேர்தல் சீர்திருத்தச் சட்டத்தில்தான் ஓட்டுரிமை ஆண்களுக்கே என்று தெளிவாக எழுதி வைத்தார்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

1833 மே மாதம் பெண்கள் மட்டும் கையெழுத்திட்ட ஒரு மகஜர் பார்லிமெண்டுக்கு வந்தது. கையெழுத்துகள் 1,87,000. தாள்களை ஒட்டிச் சுருட்டிய அந்த மூட்டையைத் தூக்க நாலு அங்கத்தினர்கள் தேவைப்பட்டார்கள்! சபைக்குள் கால் வைக்க அனுமதியில்லாத பெண்கள், தங்கள் பெயர்களை நாலு ஆண்களின் தோளில் ஏற்றிச் சபைக்குள் அனுப்பிவிட்டார்கள். அந்த வருஷம் ஆகஸ்டில் சட்டம் நிறைவேறியது. எலிசபெத் ஹெய்ரிக் அதைப் பார்க்கவில்லை, 1831-இலேயே காலமாகிவிட்டார். வில்பர்போர்ஸ், மசோதா காமன்ஸ் சபையைக் கடந்த செய்தியைக் கேட்டு, மூன்று நாளில் கண்ணை மூடினார்.

நஷ்டஈடு யாருக்கு?

கதை இங்கே முடிந்தால் சந்தோஷமாக எழுந்து போகலாம். முடியவில்லை.

உள்ளே இருந்தவர்கள் கடைசி வரையில் உள்ளேயே இருந்தார்கள். சட்டத்தில் நஷ்டஈடு என்று ஒரு பகுதி இருந்தது. 2 கோடி பவுன்; அன்றைய பிரிட்டிஷ் சர்க்காரின் ஒரு வருஷச் செலவில் சுமார் நூற்றுக்கு நாற்பது பங்கு. கொடுத்தது யாருக்கு? எஜமானர்களுக்கு! தலைமுறை தலைமுறையாகக் கூலியில்லாமல் உழைத்தவர்களுக்கு ஒரு காசு கிடையாது. அதற்காக வாங்கிய கடனைச் சார்ந்த பாக்கி 2015-ஆம் வருஷத்தில்தான் முழுவதும் தீர்ந்தது என்று பிரிட்டிஷ் கஜானா இலாகாவே சொல்லியிருக்கிறது.

விடுதலையும் உடனே வரவில்லை. 'தொழில் பழகுகிறவர்கள்' என்று புதுப் பெயர் சூட்டி, அதே எஜமானரிடம் இன்னும் சில வருஷம் கூலியில்லாமல் உழைக்க வைத்தார்கள். மறுபடியும் கூட்டம், மறுபடியும் மகஜர், மறுபடியும் பெண்களின் கையெழுத்து. 1838 ஆகஸ்டு 1-ஆம் தேதிதான் உண்மையான விடுதலை.

நம் தேசத்துக்கு இதில் என்ன வந்தது? முதலில், 1833-ஆம் வருஷத்துச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதேசங்களுக்கும் இலங்கைக்கும் பொருந்தாது என்று சட்டத்திலேயே விலக்கு எழுதிவிட்டார்கள். இங்கிலாந்தில் பெண்கள் 'அடிமைகளால் செய்யப்படாத கிழக்கிந்தியச் சர்க்கரை' என்று எழுதிய கிண்ணங்களைப் பெருமையோடு மேஜையில் வைத்தார்கள். நம் நாட்டு வயல்களில் வழிவழியாக அடிமைப்பட்டுக் கிடந்தவர்களை அந்தக் கிண்ணம் அறியாது. அடிமைத்தனத்தைக் கோர்ட்டுகள் ஏற்கக்கூடாது என்ற சட்டம் இந்தியாவுக்கு 1843-இல்தான் வந்தது.

இரண்டாவது, அடிமைகள் போன தோட்டங்களுக்கு வேறு ஆள் வேண்டியிருந்தது. முதலாளிகள் இந்தியாவைத் திரும்பிப் பார்த்தார்கள். 1834-இல் மொரீஷியஸுக்கும், 1838-இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும் ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள். 1860-இல் மதராஸிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் நேட்டாலுக்குப் போய்ச் சேர்ந்தது. தமிழ்நாட்டு ஆண்களும் பெண்களும் கரும்புத் தோட்டத்தில் வெயிலில் வெந்தார்கள். அடிமை என்ற பெயர் மட்டும் இல்லை.

அதை நிறுத்தவும் வாசலில் நின்றவர்கள்தான் வரவேண்டியிருந்தது. 1912-இல் கோகலே கொண்டுவந்த தீர்மானம் சர்க்கார் தரப்பு ஓட்டுகளால் தோற்றது. 1917-இல் காந்தியடிகள் ஜூலை 31-க்குள் இந்த முறை நின்றாக வேண்டும் என்று கெடு வைத்து நாடெங்கும் சுற்றினார். அப்போது பெண்கள் தூதுகோஷ்டி ஒன்று வைஸ்ராயைப் பேட்டி கண்டது. அதை ஏற்பாடு செய்ய முன்னின்று உழைத்தவர் ஜாய்ஜி பெட்டிட் அம்மையார். அந்தத் தூதுக்கு நல்ல பலன் இருந்ததாகக் காந்திஜி தம் சுயசரிதத்தில் எழுதியிருக்கிறார். கெடுவுக்கு முன்பாகவே கூலி ஏற்றுமதி நின்றது.

வாசலில் நிற்பவர்களின் பலம்

இந்த நீண்ட கதையில் வெளியே நின்றவர்கள் கைக்கொண்ட வழிகளை எண்ணிப் பாருங்கள். எதிரியே மறுக்க முடியாத விவரத்தைச் சேகரித்தார்கள். அதைப் படிக்காதவருக்கும் புரியும்படி படமாக்கினார்கள். கையெழுத்து வாங்கினார்கள். உள்ளே பேச ஒருவரைப் பிடித்தார்கள். ஆனால் அவரையும் முழுவதும் நம்பி உட்கார்ந்துவிடவில்லை. வாங்குவதா வேண்டாமா, கொடுப்பதா வேண்டாமா என்பது தங்கள் இஷ்டம் என்பதை உணர்ந்துகொண்டார்கள். தோற்றபோது மறுபடி ஆரம்பித்தார்கள்.

இன்றைக்கு நமக்கு ஓட்டு இருக்கிறது. அதனால் வாசலில் நிற்கும் வேலை தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தெருக் குழாயில் தண்ணீர் வரவில்லை, பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் சாராயக் கடை வந்துவிட்டது என்று பத்துப் பெண்கள் சேர்ந்து மனு எழுதும்போது, எதிர்த் தரப்பார் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். அதிகாரி சிரித்த முகத்தோடு, 'கவனிக்கிறோம் அம்மா, படிப்படியாகச் செய்வோம்' என்பார்.

அப்போது பர்மிங்ஹாம் மாதர்களை நினைத்துக்கொண்டு, 'எந்தத் தேதிக்குள்?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வாருங்கள்.